எண்பதைத் தாண்டியவர்களுக்கு முதுகெலும்பு ஆபரேஷன்: வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்த பெரியவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைத்து, நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. ஆபரேஷன் தேவையா என்று முடிவு செய்வது சர்ஜன்தான். ஆனால் சர்ஜன் அறையில் கேட்கத் தயங்கியதையெல்லாம் வெளியே வந்து வராந்தாவில் என்னிடம் கேட்பார்கள். பல வருடமாக ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவரை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. அப்பாவுக்கு 84 வயசு. இந்த வயசுல முதுகுல கத்தி வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கிறார்கள். வயதை மட்டும் பார்த்து "முடியாது" என்று சொன்ன காலம் போய்விட்டது. 84 வயதில் தானே குளித்து, தானே படியேறுகிறவர் இருக்கிறார். 72 வயதிலேயே நாற்காலியை விட்டு எழ ஆள் தேடுகிறவரும் இருக்கிறார். ஆபரேஷனைத் தாங்கப்போவது பிறந்த தேதி இல்லை, இன்றைக்கு இருக்கிற உடம்பு. அந்த உடம்பை எப்படி எடைபோடுகிறார்கள் என்று 11ஆம் பதிலில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: எதற்காக? 84 வயதுக்காரர் ஒருவரை மகன் அழைத்து வந்திருந்தார். "வலி போகணும் சார், அவ்வளவுதான்" என்றார் மகன். பெரியவர் பக்கம் திரும்பி, ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். "பேத்தி கிளம்பறப்ப வாசல்ல நின்னு கையாட்டணும். இப்ப நாற்காலியில உக்காந்துக்கிட்டேதான் ஆட்டறேன்" என்றார். ஐந்து நிமிடம் ஊன்றி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வலி போகணும் என்ற பொதுப்பேச்சுக்கு டாக்டரால் உறுதி தர முடியாது. ஐந்து நிமிட நிற்றல் நடக்கக்கூடியதா என்று அவரால் யோசித்துச் சொல்ல முடியும்.

2. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் படிச்சா எல்லா டிஸ்க்கும் போயிட்ட மாதிரி இருக்கே?

எண்பது வயதில் எடுத்த எந்த ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015 ஆய்வு ஒன்று உண்டு. இருபதுகளில் இருப்பவர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) தேய்மானம் தெரிந்தது. எண்பதுகளில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கியிருந்தவர்கள் எண்பதுகளில் 84 சதவீதம். இவர்கள் எல்லோரும் வலி இல்லாதவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் படத்தில் தெரிவதும், ஆள் சொல்கிற தொந்தரவும், டாக்டர் தொட்டுப் பார்த்துக் கண்டதும் ஒரே நரம்பைக் காட்ட வேண்டும். இடது காலில் வலி என்கிறார், படத்தில் வலது பக்கம்தான் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றால் அந்தப் படத்தை நம்பி ஆபரேஷன் செய்யக் கூடாது. ரிப்போர்ட்டை வாசித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

3. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுக்குது, உக்காந்தா சரியாயிடுது. இது என்ன?

பெரும்பாலும் தண்டுவடக் கால்வாய் சுருக்கம். எலும்புக்குள் நரம்புகள் போகிற குழாய் வயதாக ஆக இடுங்கிப்போகிறது. முன்பக்கம் டிஸ்க் பிதுங்கி, பின்பக்கம் தசைநார் தடித்து, இரு பக்கமும் மூட்டுகள் பெருத்துவிடும். நிமிர்ந்து நின்றால் குழாய் இன்னும் குறுகும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விரியும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி வெகுதூரம் நடக்கிற பெரியவர் வெறுங்கையோடு நூறு அடி நடக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். 65 வயதுக்கு மேல் முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் மிகப் பலருக்கு இதுதான் காரணம்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடந்தால் கால் கடுக்கும். அதில் உட்கார வேண்டியதில்லை, நின்றாலே சரியாகிவிடும். பாதத்தில் நாடித்துடிப்பும் குறைந்திருக்கும். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் இதே வேஷம் போடும். அதில் வலி தொடை இடுக்கில் வரும், காலுறை மாட்டுவதே கஷ்டமாக இருக்கும். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்கு ராத்திரி படுத்தபிறகு உள்ளங்கால் எரியும். எண்பதில் இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளுக்கு இருப்பது சகஜம். எது எவ்வளவு தொல்லை தருகிறது என்று பிரிக்காமல் முதுகைத் திறந்தால், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் ஆள் அப்படியே இருப்பார்.

4. முதுகு ஆபரேஷன்னா ஒரே ஆபரேஷன்தானே?

இல்லை. இந்த ஒரு பெயரில் நான்கைந்து வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. நரம்பை நசுக்குகிற எலும்பையும் தசைநாரையும் செதுக்கி இடம் விடுவது ஒன்று. இதில் எதையும் உள்ளே வைப்பதில்லை. ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்பது இரண்டாவது. உடைந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்துவது மூன்றாவது. கழுத்தில் தண்டுவடத்தையே விடுவிப்பது இன்னொன்று. கூன் விழுந்த முதுகைப் பல மணி நேரம் நிமிர்த்துகிற பெரிய ஆபரேஷனும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் "பண்ணிக்கிட்டேன், மறுநாளே நடந்தேன்" என்றால் எதைப் பண்ணிக்கொண்டார் என்று கேளுங்கள்.

5. ஸ்க்ரூ வைக்கணும்கிறாங்க. வைக்காம முடியாதா?

பல சமயம் முடியும். கால்வாய் சுருக்கத்துக்கு வெறும் இடம் விடும் ஆபரேஷன் போதுமா, எலும்பையும் இணைக்க வேண்டுமா என்று ஸ்வீடனில் 247 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. இரண்டு வருடம் கழித்து இரு தரப்பும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், ஒரு முதுகெலும்பு இன்னொன்றின் மேல் நகர்ந்திருந்தவர்களுக்கு இணைப்பு கொஞ்சம் கூடுதல் பலன் தந்தது. பிறகு 2021இல் நார்வே ஆய்வு, எலும்பு நகர்ந்தவர்களிலும்கூட இடம் விடுவது மட்டுமே போதும், அது சோடையில்லை என்று காட்டியது.

ஆபத்தின் கணக்கு வேறு. அமெரிக்காவின் மூத்தோர் காப்பீட்டில் உள்ளவர்களிடையே சிக்கலான இணைப்பு ஆபரேஷன் 2002இல் லட்சத்துக்கு 1.3 ஆக இருந்தது, 2007இல் 19.9 ஆனது. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் இடம் விடும் ஆபரேஷனில் 2.3 சதவீதம், சிக்கலான இணைப்பில் 5.6 சதவீதம். ஐந்து வருடத்தில் பெரியவர்களின் முதுகு பதினைந்து மடங்கு மோசமாகிவிடவில்லை. மாறியது ஆபரேஷன் செய்கிறவர்களின் பழக்கம் என்பது என் எண்ணம்.

ஸ்க்ரூ கட்டாயம் தேவைப்படுகிற இடங்களும் உண்டு. குனிந்து நிமிரும்போது எலும்பு நழுவுவது எக்ஸ்ரேயில் தெரிந்தால், எலும்பு முறிந்து நிலை குலைந்திருந்தால், இடம் விடுவதற்கே மூட்டு முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்றால் வைத்துத்தான் ஆக வேண்டும். எலும்பு மெலிந்தவர்களுக்கு ஸ்க்ரூ பிடிப்பு இல்லாமல் ஆடும். அதனால் முதலிலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றிச் சிமென்ட் விடுவதும், சில மாதம் எலும்புக்கு மருந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்வதும் நடைமுறையில் உள்ளவை.

6. பாட்டிக்கு முதுகெலும்பு நசுங்கியிருக்காம். விழவே இல்லையே? சிமென்ட் ஊசி போடலாமா?

விழத் தேவையில்லை. எலும்பு மெலிந்துவிட்டால் பலமாக இருமினாலே, கனமான ஒன்றைக் குனிந்து தூக்கினாலே நசுங்கும். பெரும்பாலும் நெஞ்சுப்பகுதி முடிந்து இடுப்புப்பகுதி தொடங்குகிற இடத்தில் நடக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் படுக்கையில் திரும்புவதே நரகம். அப்புறம் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே வலி தணிந்துவிடும்.

சிமென்ட் ஊசி 1984இல் பிரான்சில் தொடங்கியது. வேகமாகப் பரவியது. 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குச் சிமென்ட் இல்லாத நாடகம்; யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. வலி குறைந்தது இரு தரப்புக்கும் ஒரே அளவு. 2016இல் ஆஸ்திரேலியாவில் உடைந்து ஆறு வாரத்துக்குள் வந்த, கடும் வலியில் இருந்த பெரியவர்களுக்குப் பலன் தெரிந்தது. 2018இல் நெதர்லாந்து ஆய்வு மறுபடியும் வித்தியாசமில்லை என்றது. ஆக எல்லோருக்கும் இல்லை. மாத்திரை கொடுத்தும் கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கு, உடைந்த புதிதில் யோசிக்கலாம்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்கியாக வேண்டும். முதுகெலும்பு நசுங்கிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொரு எலும்பு நசுங்குகிறது. இதைத்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். வலி போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெனோசுமாப் ஊசியை ஆரம்பித்தால் தேதி தவறக் கூடாது. இடையில் நிறுத்தினால் அடுத்தடுத்து எலும்புகள் நசுங்கக்கூடும்.

7. பிசியோ, மாத்திரை, ஊசின்னு ஓட்டிட முடியாதா?

கால்வாய் சுருக்கத்தில் பலர் ஓட்டுகிறார்கள். என் தொழிலை நானே தூக்கிப் பேசுவதாக நினைக்க வேண்டாம், எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். ஆபரேஷனுக்குச் சம்மதித்த 169 பேரை ஒரு பாதி ஆபரேஷனுக்கும் ஒரு பாதி பிசியோவுக்குமாகப் பிரித்த 2015 ஆய்வில் இரண்டு வருடம் கழித்து இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன. ஆனால் பிசியோ குழுவில் 57 சதவீதம் பேர் பாதியில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். பிசியோ சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது, முயன்று பார்த்தால்தான் தெரியும். ஆறு வாரம் முறையாகச் செய்துவிட்டு முடிவெடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் வேண்டிவந்தாலும் அந்த ஆறு வாரத்தில் கூடிய தசை பலம் கைகொடுக்கும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி 2014இல் 400 பேரை வைத்துப் பார்த்ததில், மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டதற்கும் ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டதற்கும் ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரைகளில் வலி நிவாரணிகள் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரிகாபலின் தலைசுற்றலைக் கொடுத்து விழ வைக்கும். வலி மாத்திரையால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நானே நடக்கப் பழக்கியிருக்கிறேன்.

8. தள்ளிப்போட்டா கால் விளங்காம போயிடுமா?

இடுப்புக் கால்வாய் சுருக்கத்தில் அப்படித் திடீரென்று ஆவது அபூர்வம். யோசிக்க நேரம் இருக்கிறது. "இந்த வாரமே பண்ணலேன்னா படுத்துடுவார்" என்று யாராவது அவசரப்படுத்தினால் காரணம் கேளுங்கள்.

சில சமயம் அவசரம் நிஜம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காருமிடத்தில் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது, முதுகு வலியோடு காய்ச்சல் வருவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வால்பகுதி நரம்புக்கொத்து நசுங்கினால் மணிக்கணக்கு முக்கியம். 48 மணி நேரத்துக்குள் விடுவிக்கப் பார்ப்பார்கள். வயதானவர் என்பதாலேயே "சிறுநீர்க் கோளாறு, பிராஸ்டேட்டாக இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

9. கை நடுங்குது, பட்டன் போட முடியல. கழுத்துல ஆபரேஷன்கிறாங்க. கைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். கழுத்தில் நசுங்குவது தனி நரம்பு இல்லை, தண்டுவடமே. வலி அதிகம் இருக்காது, அதனால்தான் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு அம்மாவைப் பார்த்தேன். மேல் பட்டனைப் பிடிக்கிறார், துளையைத் தேடுகிறார், பட்டன் விரலிலிருந்து நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறார். மூன்றாவது முறை மகள் குறுக்கிட்டுப் போட்டுவிட்டார். "ரெண்டு வருஷமா நான்தான் போட்டுவிடறேன், வயசாச்சுல்ல" என்றார். கையெழுத்து மாறியிருந்தது, நடை குடிகாரர் நடை போல ஆகியிருந்தது.

இங்கே 8ஆம் பதிலில் சொன்ன பொறுமை பொருந்தாது. இதில் ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்தது ஓரளவு திரும்பலாம், முழுதாகத் திரும்பும் என்று எண்ண வேண்டாம். சீக்கிரம் வந்தவர்களுக்கே அதிகம் மீள்கிறது.

10. மயக்க மருந்து தாங்குவாரா? அதான் பயமே.

எல்லோருக்கும் இந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. நடைமுறையில் மயக்கத்தில் இருக்கும் நேரத்தைவிட, பின்னால் வரும் ஐந்தாறு நாட்கள்தான் கண்டம். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம், காலில் ரத்தக்கட்டி எல்லாம் அப்போதுதான் வரும். இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் முன்பே சோதித்துவிடுவார்கள். சின்ன இடுப்பு ஆபரேஷன் சிலவற்றை முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டும் செய்யலாம். ஆபரேஷன் நேரம் குறையக் குறைய நல்லது.

11. உடம்பு தாங்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் பாதிதான் சொல்லும். மீதியைத் தளர்ச்சி சொல்லும். அதை அளக்க கனடாவில் உருவான அளவுகோல் ஒன்று 1 முதல் 9 வரை போகிறது. 1 என்றால் திடகாத்திரம். 5 என்றால் வெளி வேலைகளுக்கு உதவி வேண்டும். 7 என்றால் குளிப்பது உடுத்துவது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். எண் ஏற ஏற ஆபரேஷனின் பலன் குறைகிறது, சிக்கல் கூடுகிறது.

நான் செய்கிற சோதனை இன்னும் எளியது. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தள்ளித் தரையில் டேப் ஒட்டுவேன். எழுந்து, டேப் வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. நேரத்தைவிட நான் பார்ப்பது வேறு. எழும்போது கைப்பிடியை எத்தனை முறை தள்ளுகிறார்? திரும்பும்போது இரண்டு அடியில் திரும்புகிறாரா, ஏழெட்டுக் குட்டி அடி வைக்கிறாரா? உட்காரும்போது இறங்குகிறாரா, விழுகிறாரா? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகு நோயே நடையைக் கெடுத்திருக்கும். 25 வினாடி எடுக்கிறவர் தளர்ந்தவரா, நரம்பு நசுங்கியவரா? ஆறு மாதத்துக்கு முன் எப்படி நடந்தார் என்று வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

தளர்ச்சி கல்லில் எழுதியது இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு வாரம் புரதம் கூட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தாலே வித்தியாசம் தெரியும்.

12. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் அம்மா எங்களையே யாருன்னு கேக்கறாங்க. மூளை பாதிச்சுடுச்சா?

டெலிரியம் என்கிற தற்காலிக மனக்குழப்பமாக இருக்கும். எண்பதுக்கு மேல் சகஜம். சாயங்காலம் கூடும், காலையில் தெளியும். சிலர் சலைன் குழாயைப் பிடுங்குவார்கள். சிலர் சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். இந்த இரண்டாவது வகையை "அமைதியா தூங்கறாங்க" என்று விட்டுவிடுவோம். அதுதான் மோசம்.

உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தொற்று, சோடியம் குறைவு, ஏதாவதொரு மாத்திரை என்று காரணத்தைத் தேடுவார்கள். உங்கள் பங்குக்குக் கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். காது கேட்காத, கண் தெரியாத ஒருவரைப் புது அறையில் விட்டால் நாமும் குழம்பித்தான் போவோம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ராத்திரி தூங்க விடுங்கள். தூங்குவதற்கென்று வீட்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

13. முன்னாடியே மறதி நோய் இருக்கறவங்களுக்குப் பண்ணலாமா?

லேசான மறதி தடையில்லை. மேலே சொன்ன குழப்பம் இவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை மறுநாள் நினைவு வைத்திருப்பாரா என்பதும் முக்கியம். முற்றிய மறதியில், 8ஆம் பதிலில் உள்ள அவசரங்கள் தவிர, நான் என் வீட்டுப் பெரியவருக்கு என்றால் தயங்குவேன்.

14. வாழ்க்கைத் தரம் உயரும்னு சொல்றாங்களே, அதை எதை வச்சு அளக்கறாங்க?

கேள்வித்தாள்தான். ஈக்யூ-5டி என்பதில் ஐந்து விஷயம்: நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை. 1980இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளில் பத்துப் பகுதி. உட்காருவது, நிற்பது, தூங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

சராசரியில் எண்பதைக் கடந்தவர்களுக்கும் மதிப்பெண் உயரத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் தாள்களில் எல்லாம் வாசலில் நின்று கையாட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது. வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இன்றைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார், ராத்திரி எத்தனை முறை எழுகிறார், கழிவறைக்குத் தனியாகப் போகிறாரா, எதைச் செய்வதை விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுதி வைக்காவிட்டால் முன்னால் எப்படி இருந்தார் என்பதே மறந்துபோய், "ஒண்ணும் மாறல" என்று தோன்றும்.

15. வலி முழுசாப் போயிடுமா? எவ்வளவு நாளைக்கு நிக்கும்?

கால் வலி நன்றாகக் குறையும், முதுகு வலி அவ்வளவாகக் குறையாது. மரத்துப்போனது மெதுவாகத் திரும்பும், திரும்பாமலும் போகும். 1ஆம் பதிலில் வந்த வாசல் தாத்தாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் முதுகு வலித்தது. ஆனால் நின்றார்.

கால்வாய் சுருக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் அமெரிக்காவில் எட்டு வருடம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், நான்கு வருடம் வரை ஆபரேஷன் பக்கம் மேலாக இருந்தது. அப்புறம், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களிடம் இடைவெளி சுருங்கிவிட்டது; தாங்களே தேர்ந்தெடுத்தவர்களிடம் நிலைத்தது. ஐம்பது வயதுக்காரருக்கு இது ஏமாற்றம். 84 வயதில் நான்கு நல்ல வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

16. எத்தனை நாள்ல நடப்பார்?

இடம் விடும் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் மறுநாள் எழுப்பிவிடுவேன். திட்டுவார்கள், பரவாயில்லை. ஆரோக்கியமான பெரியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007 ஆய்வில் காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோனது. நோயில்லாதவர்களுக்கே அப்படி. ஸ்க்ரூ வைத்தவர்களுக்கு நிதானம் அதிகம். இரண்டு மூன்று மாதத்துக்குக் குனிவதும் பளு தூக்குவதும் கூடாது என்பார்கள்.

வாக்கரின் உயரம் நின்றபடி தொங்கவிட்ட கையின் மணிக்கட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்குப் போகுமுன் கால்மிதியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். கழிவறையில் கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு.

17. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைக்கு மாத்திரை நிறுத்தும் நாள் மாறும். வார்ஃபரின் என்றால் பொதுவாக ஐந்து நாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் நிறுத்துவதே ஆபத்தாகலாம். இதய டாக்டரும் சர்ஜனும் பேசிக்கொண்டு தேதியை எழுதித் தரட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐக்கு முன்பே அதன் அட்டையைக் காட்டுங்கள்.

18. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?

நடையைக் காப்பாற்றுவதுதான் பிரயோஜனம். தண்டுவடம் நசுங்கிய 101 பேரை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். அதே கணக்கை வயதுவாரியாகப் பிரித்தபோது 65க்கு மேல் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. அதனால் எண்பதில் கதிர்வீச்சு மட்டும் போதும் என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்பதை வெளிப்படையாகப் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

19. தாத்தா வேண்டாம்கிறார், பிள்ளைங்க நாங்க வேணும்கிறோம். யார் பேச்சைக் கேக்கறது?

புத்தி தெளிவாக இருக்கிறவரை தாத்தா பேச்சை. ஆனால் எதை வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். ஒருவர் மூன்று மாதமாக முரண்டு பிடித்தார். தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, "எனக்குச் செலவு பண்ணாதீங்க, ராத்திரி கண் முழிக்காதீங்க" என்பதைத்தான் அவர் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு நேர்மாறும் உண்டு. பிள்ளைகள் மனம் கோணக் கூடாதென்று தலையாட்டுகிறவர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் அவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசட்டும்.

20. டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

எந்த நரம்பு, எந்த இடம், அது அப்பாவின் தொந்தரவோடு பொருந்துகிறதா என்று முதலில் கேளுங்கள் (2, 3). ஸ்க்ரூ என்றால் ஏன் (5). செய்யாவிட்டால் ஒரு வருடத்தில் எப்படி இருப்பார்? இதே வயதில், இதே தளர்ச்சியில் இருந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தில் எப்படிப் போனது? நடுவில் மோசமானால் எதுவரை வைத்தியம், எங்கே நிறுத்துவது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஐசியு வாசலில் நின்றுகொண்டு அதை முடிவு செய்வதைவிட முன்பே பேசுவது எவ்வளவோ மேல்.

இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னால் பதற வேண்டாம். இந்தத் துறையில் அது வழக்கம். இருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டால் எங்கே பிரிகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

21. ஆபரேஷன் பண்ணி நாலு வருஷம் நல்லா இருந்தார். இப்ப 88. மறுபடி கால் கடுக்குதாம். இன்னொரு தடவை பண்ணலாமா?

பண்ணலாம், முதல் தடவையைவிடக் கடினம். பழைய தழும்புக்குள் நரம்பின் உறை ஒட்டியிருக்கும், கிழிந்து நீர் கசியும் வாய்ப்பு அதிகம். அதே இடமா, மேலே கீழே புது இடமா என்று பார்க்க வேண்டும். 3ஆம் பதிலில் சொன்ன இடுப்பு மூட்டையும் ரத்தக்குழாயையும் மறுபடி சோதிக்க வேண்டும். நான்கு வருடத்தில் உடம்பும் மாறியிருக்கும், அதனால் 11ஐத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்டது வாசல் தாத்தாவின் மகன்தான். டேப் வரை போய்வர இந்த முறை 31 வினாடி எடுத்தார், திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். சர்ஜன் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். தாத்தா வேண்டாம் என்றார். இடுப்புயர ஸ்டூல் ஒன்றை வாசலில் சுவரோடு சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். அதில் அரைவாசி உட்கார்ந்தால் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிற்கிற மாதிரிதான் தெரியும் என்றார் என்னிடம்.